என் நடத்தைக்கு நான்கு வீட்டுச் சாட்சி

எதிர் வரிசையில் குடியிருக்கும் கவிதா போன மாதம் வந்து, அமெரிக்கக் கடற்படை ரிசர்வில் இன்டெலிஜென்ஸ் ஆபிசர் வேலைக்கு அப்ளை பண்ணப்போவதாகச் சொன்னாள். தெரிந்தவர்கள் பட்டியலில் என் பெயரையும் போட்டிருக்கிறாளாம். "இப்பல்லாம் எல்லாமே ஆன்லைன் ஆன்ட்டி. உங்க காலத்துல எப்படி பண்ணீங்க?" என்று கேட்டாள். நான் ஏதோ பாய்மரக் கப்பலில் துடுப்புப் போடச் சேர்ந்தவள் மாதிரி. நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். நியூஜெர்சியில் எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனில் அப்போதே மின்சாரம் வந்திருந்தது.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டேகேர் மூடிவிடும் என்று கிளம்பிவிட்டாள். அவள் நின்று கேட்காததை இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை.

முதலில் ஒரு விளக்கம். ரிசர்வ் என்றால் வாரநாளில் உங்கள் சொந்த வேலை, மாதத்தில் ஒரு வார இறுதியில் சீருடை, வருடத்தில் இரண்டு வாரம் முழுநேரம். இன்டெலிஜென்ஸ் என்றால் பல இடங்களிலிருந்து வரும் அறிக்கைகளைப் படித்து, எது உண்மை, எது புளுகு என்று பிரித்து, விடிந்தும் விடியாமலும் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் மேலதிகாரிகளுக்குச் சொல்வது. பிறந்தநாள் பார்ட்டிகளில் நம்மவர்கள் என்னிடம் கேட்டதெல்லாம், "கன் குடுத்தாங்களா?" என்பதுதான். எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்டேப்ளர். அதையும் போகும்போது திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

அப்போது நான் நெவார்க்கில் ஒரு கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். மூழ்கிவிட்டதாகச் சொல்லப்படும் கப்பல் உண்மையில் மூழ்கியதா, வெங்காயம் என்று எழுதிய பெட்டியில் வெங்காயம்தான் இருந்ததா என்று காகிதங்களை வைத்துத் துருவுவது என் தொழில். பக்கத்து மேஜைக்காரர் ஒரு ரிசர்விஸ்ட். "இதே வேலையை நாங்கள் சீருடை போட்டுக்கொண்டு செய்கிறோம். உன்னைப் போல ஒருத்தி வேண்டும்" என்றார். குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது வரம்பை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை விட்டால் அடுத்த முறை கிடையாது.

என் கணவர் சண்முகத்திடம் சொன்னேன். அவர் ப்ரோகிராமர், எதையும் நிபந்தனை இல்லாமல் ஒப்புக்கொள்ளாதவர். "சனி ஞாயிறு நீ போயிட்டா எழிலை யார் பாத்துக்குவா?" என்றார். எழில் எங்கள் மகள், அப்போது ஏழு வயது. அவள் அப்பா என்று நீங்கள் இருக்கிறீர்களே என்று நினைவூட்டினேன். அந்தக் கோணத்தில் அவர் யோசித்திருக்கவில்லை.

எனக்கு அந்த வேலை வேண்டும் என்று வெறியாக இருந்தது. அதை இங்கே மறைப்பதற்கில்லை. பத்து வருடமாக இந்த ஊரில் நான் சண்முகத்தின் மனைவி, எழிலின் அம்மா, ஆபீஸில் பெயரை உச்சரிக்க முடியாத அந்த இந்தியப் பெண். பூங்கோதை என்ற பெயரில் எனக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றியது. நாட்டுக்குச் சேவை என்று நேர்காணலில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை, ஆனால் இரண்டாவது காரணம்.

விண்ணப்பம் ஒரு சின்னப் புத்தகம். குடியிருந்த வீடு, பார்த்த வேலை, போன நாடு எல்லாம் எழுதிவிட்டு, வெளிநாட்டில் உள்ள நெருங்கிய உறவினர், வெளிநாட்டிலிருந்து வந்து உங்களோடு தங்கியவர் என்று ஒரு பகுதி. கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தவளிடம் நெருங்கிய உறவினர் யார் என்று கேட்கிறார்கள். பெரியப்பா மகனும் எனக்கு அண்ணன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனும் எனக்கு அண்ணன். கடைசியில் கூடப்பிறந்த அண்ணன் ஒருவரை மட்டும் எழுதினேன். அவர் மின்வாரியத்தில் இன்ஜினியர். அதற்கு முந்தைய கோடையில் எங்களோடு மூன்று மாதம் தங்கினார். அமெரிக்காவில் அவர் செய்த ஒரே உளவு, சமையலறைச் சுவரைப் பார்த்து, "வெறும் நூத்திப்பத்து வோல்ட்டா? இதுல கிரைண்டர் எப்படி ஓடும்?" என்று கேட்டது.

முதல் நேர்காணல் கமாண்டர் ஹாலரனோடு. நான் சேரவேண்டிய பிரிவின் தலைவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேஜையில் ஒரு காபிக் கோப்பை இருக்கும். உள்ளே கரி பிடித்த மாதிரி ஒரு பழுப்புப் படலம். அதைக் கழுவவே மாட்டார். கடற்படையில் அது அனுபவத்தின் அடையாளமாம், கழுவுவது அவமரியாதையாம். என் மாமியார் பார்த்திருந்தால் அந்த மனிதரின் மொத்த சர்வீஸும் அன்றோடு முடிந்திருக்கும்.

அவர் ஏன் என்று கேட்கவே மாட்டார். நாம் சொன்னதில் கடைசி இரண்டு வார்த்தையை எடுத்து மெதுவாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். "மூன்று மாதம்," என்பார். அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், நம்மைப் பார்ப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். அண்ணனுக்கு வாயுத்தொல்லை உண்டு என்பதுவரை நான் சொல்லிவிட்டேன். அவர் அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அடுத்தது பின்னணி விசாரணை. சூட் போட்ட ஒருவர் உங்கள் ஆபீஸிலும் அக்கம்பக்கத்திலும் போய் உங்களைப் பற்றி விசாரிப்பார். எங்கள் விசாரணை அதிகாரி மிஸ்டர் டோலன். இரண்டு பக்கத்து வீடும் எதிரே இரண்டு வீடும் போனார் என்று எனக்குப் பிறகு தெரிந்தது. நான்கும் தமிழ் வீடுகள்.

இடது பக்கத்து வீட்டில் விசாலம் ஆன்ட்டி. பொள்ளாச்சியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்று, கிரீன் கார்டில் மகனோடு வந்து இருப்பவர். ஸ்கூல் விட்டதும் எழில் அவர் வீட்டில்தான் இருப்பாள். அவர் ஆங்கிலம் எங்கள் எல்லோருடையதையும் விடச் சுத்தமானது. பிரச்சினையே அதனால்தான் வந்தது. தடுமாறிப் பேசியிருந்தால் டோலன் சந்தேகப்பட்டிருப்பார்.

டோலன் வந்துபோன வாரத்தில் சில விசித்திரங்கள் நடந்தன. ஆன்ட்டி வீட்டிலிருந்து எப்போதும் பெரிய பாத்திரத்தில் வரும் அரிசிம்பருப்பு சாதம், எனக்கும் எழிலுக்கும் மட்டும் போதுமான கிண்ணத்தில் வந்தது. சண்முகம் காலியான கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத பெண்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி என் கைப்பைக்குள் ஒரு கார்டைத் திணித்தாள். ஓக் ட்ரீ ரோட்டில் புடவைக் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு லேடி வக்கீலின் கார்டு. புளியோதரை வரிசையில் சண்முகத்துக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உளவு ஆபிசராகப் போகிறவள் நான்.

பிறகு டோலன் என்னை நேரில் அழைத்தார். விண்ணப்பத்தில் சொன்னதற்கும் விசாரணையில் கிடைத்ததற்கும் சில முரண்பாடுகள் என்றார். நான் வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லையாம், கோயிலைத் தவிர. அப்படியானால் இந்தியப் பயணங்கள் எப்படி? நான் காபிகூடக் குடிப்பதில்லையாம். அப்படியானால் ஆபீஸ் பார்ட்டியில் வைன் குடிப்பேன் என்று எழுதியது எப்படி? பிறந்த வீட்டோடு வருடக்கணக்கில் பேச்சுவார்த்தையே இல்லையாம், ஒரு கடிதம்கூடப் போட்டதில்லையாம். என் வீட்டில் எந்த ஆணும் எந்தக் காலத்திலும் வந்து தங்கியதில்லையாம். அப்படியானால் இந்த அண்ணன் யார்?

"நான்கு பேரும் ஒன்றையே சொல்கிறார்கள், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். ஒன்று, நீங்கள் இல்லாத அண்ணனை எழுதியிருக்கிறீர்கள். அல்லது இருக்கிற அண்ணனை ஊரே சேர்ந்து மறைக்கிறது," என்றார். மறைக்கும் அளவுக்கு என் அண்ணன் என்ன செய்துவிட்டார் என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

சாட்சி யார் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கடைசியாக ஒரு குறிப்பை டோலன் தயங்கித் தயங்கிப் படித்தார். தினமும் காலையில் நான் கணவரின் பாதங்களைத் தொட்டு வணங்குகிறேனாம். இது எங்கள் வழிபாட்டு முறையா என்று கேட்டார். சண்முகத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது சாக்ஸைக் கழற்றிவிட்ட ஒரு நாள் தவிர நான் அந்தப் பாதங்களைத் தொட்டதே கிடையாது. ஆனால் இப்படி ஒரு வாக்கியத்தை இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலத்தில் சொல்லக்கூடியவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்றுதான் புரியவில்லை.

அந்த 'ஏன்' அன்று சாயங்காலம் டின்னர் டேபிளில் கிடைத்தது. எழில் இட்லியைக் கிள்ளிக்கொண்டே, "மாம், ஆர் யூ கைஸ் கெட்டிங் எ டைவர்ஸ்? விசாலம் ஆன்ட்டி செட் ஐ கேன் லிவ் வித் ஹெர்," என்றாள்.

சண்முகம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது.

ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தது. சூட் போட்ட ஒரு வெள்ளைக்காரர் கதவைத் தட்டி, பக்கத்து வீட்டுப் பெண் குடிப்பாளா, யார் யார் வந்து தங்குகிறார்கள், எங்கெங்கே போகிறாள், வெளிநாட்டில் யாரோடு தொடர்பு, பணம் அனுப்புகிறாளா என்று கேட்டால், நம் ஊர்ப் பெண் என்ன நினைப்பாள்? புருஷன் இவளைத் தள்ளிவைக்க ஆதாரம் தேடுகிறான் என்றுதான் நினைப்பாள். டோலன் பின்னணி விசாரணை என்று சொல்லி பேட்ஜைக் காட்டியிருக்கிறார். பிரைவேட் டிடெக்டிவ் என்றால் பேட்ஜ் இருக்காதா? அமெரிக்காவின் கேள்விகளும் நம் மாமியார்களின் கேள்விகளும் ஒன்றே என்பதை வாஷிங்டனில் யாரும் கவனித்ததில்லை போலிருக்கிறது. ஆன்ட்டி எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, என் அண்ணனை இருந்த இடம் தெரியாமல் ஒழித்துவிட்டார். மூன்று மாதமும் தன் கையால் அவருக்குக் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தவர். டோலன் அடுத்த வீட்டுக்கு நடந்து போவதற்குள் போன் போய்விட்டது. மற்ற மூன்று வீடும் ஆன்ட்டி சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கின்றன.

கமாண்டர் ஹாலரனிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். "டைவர்ஸ்," என்றார். காத்திருந்தார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பிறகு, டோலன் மறுபடி போய் விசாரிப்பார், அதுவரை நானோ என் வீட்டாரோ அந்தச் சாட்சியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் சாட்சியைக் கலைத்ததாக ஆகும், என் விண்ணப்பம் அங்கேயே முடியும் என்றார். அதற்குள் ஆட்களை எடுக்கும் தேர்வுக் குழு கூடிவிட்டால் என்று கேட்டேன். அவர் காபியைக் குடித்தார்.

என் வாழ்க்கையின் கடைசி வாய்ப்பு பக்கத்து வீட்டு அம்மாளின் வாயில் இருக்கிறது. அந்த அம்மாள் தினமும் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கண்ணால் தைரியம் சொல்கிறார். நான் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் அவரே கேட்டார், "கண்ணு, ஏதாச்சும் சமாதானமா போவுதா?" என்று. "இதப் பத்திப் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க ஆன்ட்டி," என்றேன். எனக்கு வக்கீல் கிடைத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

சண்முகம் நடுத்தெருவில் நின்று தன் நல்லகுணத்தை நிரூபிக்கத் தொடங்கினார். இது சாட்சியைக் கலைப்பதில் வராது என்பது அவர் வாதம். ஆன்ட்டி வெளியே நிற்கும் நேரமாகப் பார்த்து என் காரைக் கழுவினார். கோயிலில் என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கோர்ட்டுக்கு முன்னால் எல்லா ஆண்களும் இப்படித்தான் நடிப்பார்கள் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது பிடித்திருந்தது. கேஸ் முடிந்தும் நீடித்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். நீடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் டோலனின் கார் ஆன்ட்டி வீட்டு முன்னால் நின்றது. அன்று எனக்கு லீவு. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை போய்விடுமே என்பது மட்டுமில்லை என் பயம். ஆன்ட்டி அரசாங்க அதிகாரியிடம் பொய் சொல்லியிருக்கிறார். அவரிடம் இருப்பது கிரீன் கார்டு. சொன்னதையே சாதித்தால் நான் போனேன். பொய் என்று ஒப்புக்கொண்டால் அவருக்கு என்ன ஆகுமோ. எது நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

கார் போனதும் ஆன்ட்டி பின்கதவு வழியாக வந்தார். எப்போதும் கையில் ஒரு பாத்திரம் இருக்கும். அன்று வெறுங்கை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மிலிட்டரி வேலைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ, கண்ணு," என்றார்.

வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். கிடைக்காவிட்டால் ஊருக்குத் தெரியவேண்டாமே என்று. அதைச் சொன்னேன்.

"அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லிப்போட்டேன். என்ற மவன் போன்ல கத்துனான், மாத்திச் சொன்னா கார்டைப் புடுங்கிருவாங்கன்னு. புடுங்குனாப் புடுங்கட்டும். முப்பது வருசம் புள்ளைங்களப் பொய் சொல்லாதீங்கன்னு சொல்லிக்குடுத்தவ நானு."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. தன் பழைய கதையை அவராகவே சொன்னார்.

அவருக்குக் கல்யாணமாகி நாலைந்து வருடத்தில், பொள்ளாச்சியில் அவர் குடியிருந்த தெருவில் ஒரு ஆள் வந்து விசாரித்தானாம். டீச்சரம்மா சம்பளத்தை என்ன பண்ணுகிறார், பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறாரா, யாராவது வந்து போகிறார்களா என்று. தம்பியைப் படிக்கவைக்க அவர் மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும். தம்பி வந்து போவதும் தெரியும்.

"அக்கம்பக்கத்துல எல்லாரும் நல்லவங்க. கேட்டதுக்கு உண்மையச் சொன்னாங்க," என்றார். "ஆறு மாசத்துல அவரு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. நான் கைக்கொழந்தையோட நின்னேன். அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன், எந்தப் பொம்பளையப் பத்தியாச்சும் எங்கிட்ட எவனாச்சும் வந்து கேக்கட்டும்னு."

முப்பது வருடம் காத்திருந்து, கடல் தாண்டி வந்து, அந்த ஒருவனைப் பிடித்திருக்கிறார். பிடிபட்டது பாவம் டோலன்.

அவர் கார்டை யாரும் பிடுங்கவில்லை. டோலன் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. கடைசி நேர்காணலில் கமாண்டர் ஹாலரன் என் கோப்பை மூடி வைத்துவிட்டு, என் அனுபவத்தில் முதன்முறையாக ஒரு முழுக் கேள்வி கேட்டார். அந்தப் பெண்மணி உனக்காக மறுபடியும் பொய் சொல்வாரா? எனக்குத் தேவை என்று அவருக்குத் தோன்றினால் சொல்வார், சார் என்றேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்ல பக்கத்து வீடு. மோசமான சோர்ஸ்," என்றார்.

தேர்வுக் குழு கூடியது, எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி இரண்டு வாரம். யாருக்கு சல்யூட் வைப்பது, ஷூவை எப்படிப் பளபளப்பாக்குவது, விருந்தில் எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது. நாட்டின் பாதுகாப்புக்கு வேறென்ன வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட உண்மையான பாடம் விசாலம் ஆன்ட்டி வீட்டில் கிடைத்ததுதான். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு சரக்குக் கப்பலைப் பற்றி நான்கு துறைமுகங்களிலிருந்து அறிக்கை வந்தது. நான்கும் அது ஆயுதம் ஏற்றிப் போகிறது என்றன. நான்கு சாட்சி, வேறென்ன சந்தேகம் என்று எல்லோரும் பரபரத்தார்கள். நான் படித்துப் பார்த்தேன். நான்கிலும் ஏறக்குறைய அதே வாக்கியம். "இதில் ஆன்ட்டி யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்," என்றேன். தோண்டிப் பார்த்தால், போட்டிக் கம்பெனித் தரகர் ஒருவன் நான்கு ஊருக்கும் போன் போட்டிருக்கிறான். கப்பலில் இருந்தது டிராக்டர் உதிரிபாகம். அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரே மாதிரி அறிக்கைகள் வந்தால், "ஆன்ட்டி பிராப்ளம்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. டெக்சஸ்காரன் ஒருவன் அதை 'ஆண்ட்டீ' என்று இழுத்துச் சொல்வான். 2001க்குப் பிறகு பார்த்த வேலையைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதியில்லை. அனுமதி இருந்தாலும் இவ்வளவு சுவாரசியமாக இருக்காது.

விசாலம் ஆன்ட்டி இப்போது இல்லை. நான் லெப்டினன்ட் கமாண்டராக ஓய்வு பெற்ற விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சண்முகத்தை அன்றும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

போன வாரம் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சூட் போட்ட ஒரு பெண், கையில் பேட்ஜ். எதிர் வரிசையில் இருக்கும் கவிதாவைப் பற்றிச் சில கேள்விகள் என்றாள். கேள்விகள் எனக்கு மனப்பாடம். கவிதா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறாள், தம்பி வந்து தங்கிவிட்டுப் போனான், எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லத்தான் போகிறேன். அது என் தொழில் தர்மம்.

ஒரு நிமிடம் என்று சொல்லி அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"எப்படி இருக்க?" என்றேன். "உனக்கும் உன் புருஷனுக்கும் நடுவுல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கோம் ஆன்ட்டி. ஏன் கேக்கறீங்க?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். பொள்ளாச்சியில் அந்த நல்லவர்கள் ஒருவர்கூட முதலில் விசாலம் ஆன்ட்டியிடம் போய் இதைக் கேட்கவில்லை.